தொழிற்பெயரும் உருவத் தீர்ப்பும்: நாய்க் கண்காட்சிகளின் குழுப் பகுப்பு

நாய்க் கண்காட்சிகளில் இனங்கள், அவை எந்தத் தொழிலுக்காக உருவாக்கப்பட்டனவோ அதன் பெயராலேயே குழுக்களாகப் பிரிக்கப்பட்டாலும், அரங்கில் சோதிக்கப்படுவது அத்தொழிலன்று, அதற்கு உரியதெனக் கருதப்படும் உருவமே. 1859இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் பாயின்டர், செட்டர் என்னும் இருவகை வேட்டை நாய்களுக்காக நடந்த முதல் கண்காட்சியில் வேட்டைத் துப்பாக்கிகளே பரிசாக வழங்கப்பட்டன என்றாலும், அங்கே எந்த நாயும் வேட்டைக்கு அனுப்பப்படவில்லை.

தொழிலே பகுப்பின் அடிப்படை என்னும் கூற்றும் முழுமையாக நிற்பதில்லை. பிரிட்டனின் கென்னல் கிளப்பும் அமெரிக்கக் கென்னல் கிளப்பும் ஏழேழு குழுக்களையும், 1911இல் ஐரோப்பாவில் தோன்றிய சர்வதேசக் கூட்டமைப்பு பத்துக் குழுக்களையும் கொண்டுள்ளன. மினியேச்சர் ஷ்னாவ்சர் என்னும் ஜெர்மானிய நாய், அமெரிக்காவில் வளைக்குள் புகுந்து இரைபிடிக்கும் டெரியர்களோடும், பிரிட்டனில் 'பயன்பாட்டு நாய்கள்' என்னும் குழுவிலும், கூட்டமைப்பில் தன் பெரிய உறவினங்களோடு இரண்டாம் குழுவிலும் இடம்பெறுகிறது. கடலைக் கடந்தால் நாய்க்குத் தொழில் மாறிவிடும் போலும். 'பயன்பாடு' என்பதும் அமெரிக்கப் பட்டியலின் 'வேட்டை சாராதவை' என்பதும் உண்மையில் வேறெங்கும் பொருந்தாதவற்றைச் சேர்த்துவைக்கும் இடங்களே. அமெரிக்காவில் மந்தை மேய்க்கும் நாய்கள் 1983இல்தான் உழைப்பு நாய்களின் குழுவிலிருந்து பிரிக்கப்பட்டன என்பதும் இப்பகுப்பு நிருவாகத் தேவைக்கேற்ப வளர்ந்தது என்பதையே காட்டுகிறது.

தீர்ப்பு முறையோ வேறொரு தருக்கத்தில் இயங்குகிறது. நடுவர் தம்முன் நிற்கும் நாய்களை ஒன்றோடொன்று நேரடியாக ஒப்பிடுவதில்லை. தலை, பல்வரிசை, தோள், முதுகு, நடை, இயல்பு ஆகியவற்றை விவரிக்கும் எழுத்து வடிவ இலக்கணமான இனத் தரவரையறையோடு ஒவ்வொன்றையும் ஒப்பிட்டு, தன் இனத்தின் இலக்கணத்துக்கு மிக நெருங்கியதைத் தேர்கிறார். இனத்தின் சிறந்த நாய் குழுப் போட்டிக்கும், குழுவில் வென்றது இறுதிச் சுற்றுக்கும் செல்கின்றன; கிரேட் டேனும் சிவாவாவும் ஒரே மேடையில் நிற்பது இம்முறையால்தான் இயல்கிறது. ஆனால் வரையறையின் சொற்கள் நெகிழ்வானவை. 'குட்டையான முகம்' என்பதை ஒவ்வொரு தலைமுறையும் சற்றுக் கூடுதலாகப் பொருள்கொண்டால், வரையறை மாறாமலே நாய் மாறிவிடும். 2012ஆம் ஆண்டு பிரிட்டனின் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், உடல்நலச் சிக்கல் மிகுந்தவையாகக் கருதப்பட்ட 15 இனங்களில் சிறந்தவையாகத் தேர்வானவற்றைக் கால்நடை மருத்துவர்கள் பரிசோதித்தபோது, புல்டாக், பெக்கினீஸ் உள்ளிட்ட ஆறு இனங்களின் வெற்றியாளர்கள் தேறாமல் குழுப் போட்டியை இழந்தது இதன் வெளிப்படையான விளைவு.

உருவம் தொழிலுக்குச் சான்றாகாது என்பதைப் பிரிட்டனின் கென்னல் கிளப்பே ஓரளவு ஏற்றுள்ளது. துப்பாக்கி வேட்டை நாய் கண்காட்சிகளில் மட்டும் வென்றால் அதற்குக் கிடைப்பது 'கண்காட்சிச் சாம்பியன்' என்னும் பட்டம்; அடைமொழியில்லாத 'சாம்பியன்' பட்டத்துக்குக் களத்திலும் தன் திறனை அது மெய்ப்பிக்க வேண்டும். வளைக்குள் ஒருபோதும் இறங்காத டெரியர் அந்த முழுப் பட்டத்தைப் பெறுவதற்கு மட்டும் இத்தகைய தடை எதுவும் இல்லை.