மூழ்கிய கலங்களும் முழக்கோலும்

குடமுழுக்கு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் வெற்றிலை பாக்குடன் வீடு தேடி வந்தபோது மறுக்க நா எழவில்லை. ஆலயம் தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வந்த வரலாறு, திருப்பணி விவரம், நன்கொடையாளர் பெருமை ஆகியவற்றை வேறு பெரியவர்கள் எழுதுகிறார்கள். எனக்கு வந்த தலைப்பு ‘கடல் கடந்த தமிழர்’. அந்தத் தலைப்பில் இராசேந்திர சோழனின் கடார வெற்றியை எத்தனை மலர்களில் எத்தனை பேர் எழுதிவிட்டார்கள்! நானே மூன்று முறை எழுதியிருக்கிறேன். இம்முறை கடலின் மேல் ஓடிய கலத்தை விட்டுவிட்டு, கடலடியில் கிடக்கும் கலத்தைப் பற்றி எழுதுகிறேன். அதுவும் நம்மவர் கலம் அன்று, ஒல்லாந்தர் கலம். மலர்க்குழுவினர் பொறுத்தருள்க.

சாதுவன் பற்றிய மரம்

கப்பல் உடைந்த கதை தமிழுக்குப் புதிதன்று. மணிமேகலைக் காப்பியத்தில் ஆதிரையின் கணவன் சாதுவன், பொருள் எல்லாம் இழந்து, வங்கம் ஏறிப் போகிறான். காற்றில் கலம் உடைகிறது. ஒடிந்த பாய்மரத் துண்டொன்றைப் பற்றிக்கொண்டு நாகர் மலையில் கரையேறுகிறான். அவன் இறந்தான் என்று கேட்ட ஆதிரை தீ மூட்டி இறங்க, தீ அவளைச் சுடவில்லை. கற்புக்குச் சான்றாக இக்கதையை மேடைகளில் எடுத்துச் சொல்வோம். நான் மாணவனாயிருந்த நாள் முதல் என் மனத்தில் நின்றது அந்த மரத்துண்டு. அது எவ்வளவு பருமன்? எந்த மரம்? மற்றப் பலகைகள் எங்கே போயின? சாத்தனார் அதைச் சொல்லவில்லை. காப்பியப் புலவருக்கு அது வேலையும் அன்று.

சைவ மரபிலும் கடல் நிறைய உண்டு. நாவுக்கரசரைக் கல்லோடு கட்டிக் கடலில் இட்டபோது கல்லே தெப்பமாகித் திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் சேர்த்தது. அவ்விடம் இன்றும் கரையேறவிட்டகுப்பம் என்றே பெயர் தாங்கி நிற்கிறது. நாகைப் பரதவர் குலத்து அதிபத்த நாயனார், வலையில் விழும் முதல் மீனை இறைவனுக்கென்று கடலில் விட்டவர். பொன்மீன் விழுந்தபோதும் விட்டவர். நம்மில் பலருடைய பாட்டன்மார் கப்பலேறிய துறையும் அதே நாகைதான். 1926இல் கட்டப்பட்ட ரஜுலா கப்பலில் மேல்தளத்துப் பயணியாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இந்த மலரைப் பிரித்துப் படிக்கிறீர்கள். என் தாத்தாவும் அந்தக் கப்பலில் வந்தவர்தான். கடலை வணங்கும் மரபு நமக்கு வேண்டிய அளவு உண்டு. கலத்தை அளக்கும் மரபு?

அதுவும் இருந்தது. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் 1950இல் அச்சிட்ட ‘கப்பல் சாத்திரம்’ என்னும் சிறுநூல் என்னிடம் நகலாக உண்டு. ஏரா எனப்படும் அடிமரத்தில் சுழி எங்கே இருந்தால் நன்மை, எங்கே இருந்தால் கேடு என்று அந்நூல் பலன் சொல்கிறது; கலத்தின் உறுப்புகளுக்கு அளவும் சொல்கிறது. பலனைப் படித்துச் சிரிப்பவர்கள் அளவையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறார்கள். நல்ல நாள் பார்த்து ஏரா வைத்த ஆசாரிதான் முழக்கோலையும் கையில் வைத்திருந்தான் என்பதை மறக்கலாகாது.

நத்தை கட்டிய வீடு

ஒல்லாந்தர் யார் என்று பேராக்கில் விளக்க வேண்டியதில்லை. பங்கோர் தீவின் தெலுக் கெடோங்கில் 1670இல் அவர்கள் கட்டிய ஈயக் கிடங்குக் கோட்டையைப் பள்ளிச் சுற்றுலாவில் பார்க்காத பிள்ளை உண்டா? பக்கத்துப் பாறையில் 1743 என்ற ஆண்டும் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பெனியின் முத்திரை எழுத்துகளும் செதுக்கியிருப்பதையும் பார்த்திருப்பீர்கள். நம் ஈய லம்பங்கள் வெள்ளைக்காரன் கண்ணில் படுவதற்கு நூறாண்டுக்கு மேல் முன்பே பேராக் ஈயத்துக்குக் கப்பல் வந்து காத்திருந்தது. அவர்கள் விட்டுப்போனது கோட்டை மட்டுமா? தமிழன் ‘துட்டு’ என்கிறான், மலாய்க்காரர் ‘டுவிட்’ என்கிறார். இரண்டும் அந்தக் கும்பெனிச் செப்புக்காசின் பெயர்தான்.

1602இல் தொடங்கி 1799இல் முடிந்த அந்தக் கும்பெனி ஏறத்தாழ 4,700 தடவை ஆசியாவை நோக்கிக் கப்பல் விட்டது. அவற்றில் சில நம் கடலிலேயே கிடக்கின்றன. 1606இல் தஞ்சோங் துவான் முனைக்கு எதிரே போர்த்துகீசியரோடு பொருது எரிந்து மூழ்கிய நாசாவ். 1727இல் சயாமிலிருந்து ஈயக்கட்டி, யானைத்தந்தம், சாயமரம் ஏற்றி வந்து மெர்சிங் பக்கம் முடிந்துபோன ரிஸ்டாம்.

இக்கப்பல்களை எப்படிக் கட்டினார்கள் என்பதுதான் வியப்பு. நம்மூர்ப் பெயரிலேயே நத்தை இருக்கிறது. ஆகையால் நம்மவர்க்கு இது எளிதில் விளங்கும். மற்ற நாட்டார் பலர் முதலில் வங்கு எனப்படும் விலாச்சட்டங்களை நிறுத்தி, அதன்மேல் பலகை அறைந்தார்கள். எலும்பு முன்னே, தோல் பின்னே. ஆம்ஸ்டர்டாம் ஆசாரியோ அடிமரத்தைக் கிடத்தி, அடிப்பலகைகளை ஒன்றோடொன்று ஒட்டி வைத்து, தற்காலிகக் கட்டைகளை ஆணியடித்துப் பிடித்து, ஓட்டின் வடிவம் வந்த பிறகே உள்ளே வங்கு பொருத்தினான். நத்தை ஓட்டைப் போல வடிவம் வெளியிலிருந்து வந்தது. பிறகு அந்தத் தற்காலிகக் கட்டைகளைப் பிடுங்கி, ஆணித்துளை ஒவ்வொன்றிலும் சிறு மரமுளை அடித்து அடைத்துவிடுவான். சுண்டுவிரல் நுனி அளவுகூட இராத முளை. முந்நூற்றைம்பது ஆண்டு கடலில் ஊறிய பலகையிலும் அந்த முளைகள் வரிசையாகத் தெரிகின்றன. ஆசாரி பெயர் போய்விட்டது, கையெழுத்து நிற்கிறது.

இம்முறையில் வரைபடம் இல்லை. கண்ணும் கையும் சூத்திரமுமே கணக்கு. நிக்கோலாஸ் விட்சன் என்பவர் 1671இல் கப்பற்கட்டுக் கலை பற்றிப் பெரும் நூல் எழுதினார். ஆம்ஸ்டர்டாம் நகரத்தலைவராகப் பன்முறை இருந்தவர். 134 அடி நீளப் பினாஸ் வகைக் கலம் ஒன்றைக் கட்டும் வரிசை அதில் உண்டு. ஆனால் நூலின் ஒழுங்கு சிதறிக் கிடக்கும். நம் சுவடிப் பதிப்பாசிரியர்கள் ஏடு மாறிய சுவடியோடு மல்லுக்கட்டுவது போல, ரெயிக்ஸ் அருங்காட்சியகத்தில் கப்பல் மாதிரிகளைச் செப்பனிட்டுவந்த ஆப் ஹோவிங் அந்நூலோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டி, சொன்னபடியே சிறு மரக்கலம் கட்டிப் பார்த்தார். 1642இல் ஒல்லாந்தக் கடலோடி ஏபெல் டாஸ்மான் புறப்பட்ட இரண்டு கப்பல்களை அவர் மீட்டுருவாக்கியபோது, கோர் எம்கே கணினியில் வரைபடம் தந்தார். உரையாசிரியரும் தச்சரும் கணினியும் ஒரே மேசையில் அமர்ந்த காட்சி அது. நச்சினார்க்கினியர் இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார் என்றே எண்ணுகிறேன்.

பதினொரு விரல் அடி

மேலே 134 அடி என்றேன். நம் அளவுநாடாவை எடுத்தால் தவறிவிடுவோம். ஆம்ஸ்டர்டாம் அடிக்குப் பன்னிரண்டு அங்குலம் இல்லை, பதினொன்று. ஓரடி ஏறத்தாழ 28.3 சென்டிமீட்டர். ஆகவே அக்கலத்தின் நீளம் 38 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. நம் அடிக்கணக்கில் பார்த்தால் இரண்டரை மீட்டருக்கு மேல் கூடிவிடும். கணினியில் உருவம் கட்டுபவர் முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டிய கணக்கு இதுவே.

இதைத் தீர்க்காததன் விளைவு ஸ்டாக்ஹோமில் இருக்கிறது. வாசா வணிகக்கப்பல் அன்று, சுவீடன் மன்னரின் போர்க்கப்பல். ஆயினும் கட்டிய தலைமை ஆசாரி ஒல்லாந்தர். 1628 ஆகஸ்டு 10இல் துறைமுகத்தைத் தாண்டும் முன்பே கவிழ்ந்தது. அதனுள் நான்கு அளவுகோல்கள் கிடைத்தன. இரண்டு சுவீடன் அடி, பன்னிரண்டு அங்குலம்; இரண்டு ஆம்ஸ்டர்டாம் அடி, பதினொன்று. மரம் மரமாக அளந்து பார்த்தபோது இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றாக இல்லை என்பது தெரிந்தது. மேற்பாரம் மிகுந்ததே கவிழ்ந்ததற்குப் பெரிய காரணம் என்பர். கோல் மாறியதும் குற்றத்தில் பங்கு பெற்றிருக்கலாம்.

அதே ஆண்டு அக்டோபரில் புறப்பட்ட கும்பெனிக் கலமான பட்டாவியா, தன் முதற்பயணத்திலேயே 1629 ஜூன் 4இல் மேற்கு ஆஸ்திரேலியப் பவளத்திட்டில் மோதியது. 1963இல் கண்டுபிடித்தார்கள், அடுத்த பத்தாண்டில் பின்பகுதி மரங்களை மேலே எடுத்து ஃபிரிமான்டில் அருங்காட்சியகத்தில் பொருத்தி நிறுத்தினார்கள். பட்டாவியா நகரக் கோட்டை வாயிலுக்கென்று வெட்டிய 137 மணற்கற்களும் கிடைத்தன. கட்டப்படாத வாயில் கடலில் கிடந்தது. ஒல்லாந்தில் வில்லம் வோஸ் 1985இல் தொடங்கி 1995இல் முழு அளவு மாற்றுக்கப்பலை நீரில் இறக்கினார். பழைய மரங்களை வெண்டி வான் டய்வன்வூர்டே துண்டு துண்டாக ஆராய்ந்து 2015இல் நூல் வெளியிட்டார். ஓக் பலகை ஓரடுக்கு அன்று, ஈரடுக்கு. அதற்கு மேலே பைன் பலகை உறை. 2021இல் வெளிவந்த மரவளைய ஆய்வு, பலகைகள் பால்டிக் நாட்டுக் காடுகளிலிருந்தும் வங்குகள் வடஜெர்மனிக் காடுகளிலிருந்தும் வந்தன என்று காட்டிற்று. இத்தனையும் நூலேட்டில் இல்லை, மரத்தில் இருந்தது.

கணினி செய்வது என்ன? மூழ்குநர் கலத்தைச் சுற்றி நூற்றுக்கணக்கில் படம் எடுக்கிறார். ஒரு படத்தில் உள்ளதில் பாதிக்கு மேல் அடுத்த படத்திலும் வர வேண்டும். ஒரே ஆணித்தலை பல படங்களில் பல கோணத்தில் தெரிவதைக் கண்டு கணினி அதன் இடத்தைக் கணக்கிடுகிறது. இப்படி இலட்சக்கணக்கான புள்ளிகள் சேர்ந்து உருவமாகின்றன. பக்கத்தில் அளவுகோல் வைக்காமல் எடுத்தால் உருவம் வரும், அளவு வராது. பிறகு அந்த உருவத்தின்மேல் ஓட்டின் வளைவை இழுத்துப் பொருத்தி, இல்லாத பகுதியை ஊகித்து நிரப்புகிறார்கள். எவ்வளவு பாரம் தாங்கும், எவ்வளவு சாயும் என்று கேட்டால் அதுவே விடை சொல்லும். ஐஸ்லாந்தின் ஃபிளாட்டே தீவருகே மூழ்கிய மெல்க்மெய்ட் என்ற வணிகக்கலத்தை இவ்வாறு கட்டி, 2019இல் மக்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்காமலே இறங்கிப் பார்க்கும்படி செய்தார் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்து ஜான் மெக்கார்த்தி.

1659

மெல்க்மெய்ட் மூழ்கியது 1659 அக்டோபரில். அதே ஆண்டு ஜூலை 2இல் நமக்குச் சற்று அருகே, இலங்கையின் காலித் துறைமுகத்தில், அவொண்ட்ஸ்டர் நங்கூரம் நழுவிக் கரை தட்டியது. பெயருக்கு மாலை விண்மீன் என்று பொருள். சோழமண்டலக் கரைக்குப் பாக்கு ஏற்றிக்கொண்டிருந்த வேளை. ஒரு விந்தை: அது ஆங்கிலேயர் கட்டிய கப்பல், 1653இல் ஒல்லாந்தர் பிடித்துத் தமதாக்கிக்கொண்டார்கள். ஆகவே விட்சன் சூத்திரம் இங்கே செல்லாது. கொடி ஒன்று, எலும்பு வேறு. 2001 முதல் இலங்கை மூழ்குநர்கள் பயிற்சி பெற்று அதை அகழ்ந்தார்கள். கரையிலிருந்து நூறு மீட்டர்கூட இல்லை, ஆழம் நாலைந்து மீட்டர். சுருட்டி வைத்த கயிறு சுருள் குலையாமல் கிடந்தது. சமையலடுப்பின் செங்கல் கிடந்தது. 2004 ஆழிப்பேரலை அவர்களுடைய ஆய்வுக்கூடத்தைக் கொண்டுபோயிற்று.

இங்கே நான் பேராசிரியர் சின்னப்பா அரசரத்தினத்தை நினைக்காமல் மேலே போக மாட்டேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து, மலாயாப் பல்கலைக்கழகத்தில் கற்பித்து, ஒல்லாந்தர் ஆவணங்களை மூலமொழியிலேயே படித்தவர். மலேசிய இந்தியர் வரலாற்றையும் அவரே எழுதினார். அவர் நூல்களைப் படித்தவர்க்கு 1659 என்றாலே வயிறு கலங்கும். அவ்வாண்டு தொடங்கித் தஞ்சைச் சீமையில் பஞ்சம். நாகையிலும் கரையோரத் துறைகளிலும் ஆயிரக்கணக்கான தமிழர் விலைக்கு வாங்கப்பட்டு, ஒல்லாந்தர் கலங்களில் இலங்கைக்கும் பட்டாவியாவுக்கும் ஏற்றப்பட்டார்கள். ‘கடல் கடந்த தமிழர்’ என்று தலைப்பிட்டால் இவர்களும் அதில் அடங்குவார்கள்தானே? கணினியில் கட்டிய கலத்தின் கீழ்த்தளத்துக்குள் போய், மேற்கூரை எவ்வளவு உயரம் என்று பார்க்க முடிகிறது. நிமிர்ந்து நிற்க முடியுமா என்பதற்கு விடை கிடைக்கிறது. ஆவணத்தில் தலை எண்ணிக்கை மட்டும் இருக்கும்.

மயில் வாகனம்

இளைஞர்களே, ‘கப்பல் சாத்திரம்’ நூலின் அளவுகளை யாரேனும் எடுத்துக் கணினியில் கலமாகக் கட்டிக் காட்டுங்கள். பெருமை பேச மேடைகள் போதும், முழக்கோல் எடுங்கள். கப்பல் வேண்டாம் என்றால், கித்தாத் தோட்டங்கள் செம்பனைக்கும் வீட்டு மனைக்கும் போய்க்கொண்டிருக்கிற இந்நாளில், மிஞ்சியிருக்கும் லயத்தையாவது, முனியாண்டி மேடையையாவது சுற்றிவந்து படம் எடுங்கள்.

ஊருக்கு உபதேசம் செய்தவன் வீட்டில் செய்ய வேண்டாமா என்று, என் பேரனை அழைத்துக்கொண்டு போய் நம் பழைய மயில் வாகனத்தைக் கைப்பேசியில் எடுக்கச் சொன்னேன். தோட்டத்துக் கோயிலிலிருந்து வந்த மரமயில். புது வாகனம் வந்ததிலிருந்து பின்கொட்டகையில் கிடக்கிறது. அறுபது படம் எடுத்தான். அளவுக்கு என் பழைய பள்ளிக்கூட அடிக்கோலைப் பக்கத்தில் வைத்தோம். இரவு முழுதும் கணினி ஓடியது. காலையில் மயில் திரையில் சுழன்றது. தோகையில் பச்சை வண்ணம் உரிந்த இடம்கூடத் தெரிந்தது. கழுத்தில் பித்தளைத் தகடு பளபளத்த இடத்தில் மட்டும் உருவம் கொழகொழவென்று உருகிப்போயிருந்தது. பளபளப்பு கணினியை ஏமாற்றிவிடுமாம். திருப்பிப் பார்த்தால் வயிற்றில் பெரிய ஓட்டை. கறையான் தின்றதோ என்று பதறினேன்.

“இல்ல தாத்தா, கீழ படமே எடுக்கல” என்றான்.

தூக்கிப் பிடிக்க நான்கு பேர் வேண்டும். வெள்ளிக்கிழமை பூசைக்குப் பிறகு வருவதாக இருவர் சொல்லியிருக்கிறார்கள்.