மலிவு கிராபிக்ஸ் கார்டின் கதை: பெயர் ஒன்று, சரக்கு வேறு



"பத்தாயிரத்துக்குள்ள ஒரு நல்ல கிராபிக்ஸ் கார்டு சொல்லுடா..." கம்ப்யூட்டரைப் பற்றி கொஞ்சம் தெரிந்தவன் என்று பெயர் வாங்கிவிட்டால் இந்தக் கேள்வியில் இருந்து தப்பவே முடியாது. கார்டு பெயரைச் சொல்லி முடித்துவிடலாம்தான். ஆனால் இந்தப் பத்தாயிரத்துக்குப் பின்னால் 25 வருஷத்துக் கதை இருக்கிறது. அது தெரியாமல் கடைக்குப் போனால் பணம் போவது நிச்சயம். எங்க சிங்கம்புணரி மாதிரி ஊரில் இருந்து இதற்காக மதுரைக்கோ திருச்சிக்கோ பஸ் ஏறுகிறவர்களுக்கு மாற்றிக்கொண்டு வருவதும் லேசான காரியம் இல்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில், தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. திரையில் தெரியும் ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன நிறம் என்று யாராவது கணக்குப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். முப்பரிமாண கேம் என்றால் இந்தக் கணக்கு ஒரு வினாடிக்குப் பல கோடி. பிராசஸருக்கு வேறு வேலை இருப்பதால், இதற்கென்றே வைத்த தனி ஆள்தான் கிராபிக்ஸ் கார்டு.

ஆரம்ப காலம்

1996ல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் 'வூடூ' வந்தது. வேடிக்கை என்னவென்றால் அது முப்பரிமாண வேலையை மட்டும்தான் செய்யும். சாதாரண படம் காட்ட இன்னொரு கார்டு வேண்டும்! 1999ல் என்விடியா 'ஜிஃபோர்ஸ் 256' வெளியிட்டு, அதற்கு 'ஜிபியு' என்று பெயர் வைத்து விளம்பரம் செய்தது. அதே 1999ல் இன்டெல் சத்தமில்லாமல் இன்னொரு வேலை செய்தது. 810 என்ற சிப்செட்டுக்குள்ளேயே கிராபிக்ஸை வைத்துவிட்டது. இதைத்தான் நம்ம கடைக்காரர்கள் 'ஆன்போர்டு' என்கிறார்கள். தனிக் கார்டு வாங்கவே வேண்டாம்.

தமிழ்நாட்டில் நிறைய வீடுகளுக்கும் பிரவுசிங் சென்டர்களுக்கும் வந்தது இந்த ஆன்போர்டு ரகம்தான். சென்னை மவுண்ட் ரோடு பக்கத்தில் இருக்கும் ரிச்சி தெரு போன்ற இடங்களில் பாகம் பாகமாக வாங்கி 'அசெம்பிள்' செய்த பெட்டிகள். அதில் ரோட் ராஷ் ஓடும். கவுன்டர் ஸ்ட்ரைக்கின் பழைய பதிப்பு கார்டே இல்லாமல் பிராசஸரை வைத்தே ஓடும். 2003ல் கணினிக்கு வந்த ஜிடிஏ வைஸ் சிட்டி கேட்டது குறைந்தபட்சம் 32 எம்பி வீடியோ மெமரி. இன்டெல் 865 மதர்போர்டின் ஆன்போர்டிலேயே அதை ஓட்டிய கூட்டம் ஏராளம். "கார்டு எதுக்கு?" என்ற நம்ம ஊர் மனநிலைக்கு அஸ்திவாரம் இதுதான்.

3ஐ விடப் பழைய 4

2000ல் என்விடியா 'ஜிஃபோர்ஸ் 2 எம்எக்ஸ்' என்று ஒரு கார்டு விட்டது. விலை 119 டாலர். பெரிய கார்டின் நல்ல குணங்களில் பெரும்பாலானவை அதில் இருந்தன. உண்மையிலேயே நல்ல மலிவு கார்டு.

2002ல் 'ஜிஃபோர்ஸ் 4 எம்எக்ஸ்' வந்தது. 4 என்றால் 3ஐ விடப் புதுசு என்றுதானே நினைப்போம்? அங்கேதான் சூட்சுமம். 2001ல் வந்த ஜிஃபோர்ஸ் 3ல் 'ஷேடர்' என்ற வசதி இருந்தது. ஒளி, நிழல், தண்ணீர் எப்படித் தெரிய வேண்டும் என்று கேம் எழுதுகிறவர் தானே நிரல் எழுதிக் கார்டுக்குக் கொடுக்கும் வசதி அது. ஜிஃபோர்ஸ் 4 எம்எக்ஸ் பெயரில் 4 என்றாலும் உள்ளே இருந்தது பெரும்பாலும் ஜிஃபோர்ஸ் 2ன் வடிவமைப்பு. ஷேடர் கிடையாது.

விளைவு அடுத்த வருஷமே தெரிந்தது. 2003ல் 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: சாண்ட்ஸ் ஆஃப் டைம்' வந்தபோது அதற்கு ஜிஃபோர்ஸ் 3 போதும், ஆனால் 4 எம்எக்ஸ் ஆகாது! மெதுவாக ஓடுவது இல்லை, ஓடவே ஓடாது. 4 என்ற எண்ணை நம்பி வாங்கியவன் கதி என்ன?

மலிவு கார்டின் வரலாறு முழுக்க இதே கதைதான் திரும்பத் திரும்ப வருகிறது. கடைக்காரர் ஒரு எண்ணைக் காட்டுவார். கேமின் தலைவிதியை முடிவு செய்வது வேறொரு எண்ணாக இருக்கும்.

எம்பி மயக்கம்

2004 கடைசியில் வந்த 'ஜிஃபோர்ஸ் 6200 டர்போகேச்' இன்னும் ஒரு படி மேலே போனது. பெட்டியில் '128 எம்பி ஆதரவு' என்று போட்டிருக்கும். கார்டில் நிஜமாக இருப்பது 16 எம்பி மட்டும் என்ற ரகமும் அதில் உண்டு. மீதியைக் கம்ப்யூட்டரின் ராமில் இருந்து கடன் வாங்கிக்கொள்ளும். ஏடிஐயும் (2006ல் இதை ஏஎம்டி வாங்கிவிட்டது) 'ஹைப்பர்மெமரி' என்று இதையே செய்தது.

பிறகு கடன் வாங்கும் பழக்கம் போய் நிஜமான மெமரியையே தாராளமாக வைக்க ஆரம்பித்தார்கள். ஆனால் மெதுவான மெமரி! இதைப் புரிந்துகொள்ள எங்க ஊர் உதாரணமே போதும். சிங்கம்புணரி தேங்காய் நார்க் கயிற்றுக்குப் பேர் போனது. கயிறு வாங்குகிறவர் நீளத்தை மட்டும் பார்த்து வாங்குவாரா? எத்தனை புரி, முறுக்கு எப்படி என்று இழுத்துப் பார்ப்பார். கிராபிக்ஸ் கார்டில் எம்பி, ஜிபி என்பது நீளம். டிடிஆர்3ஆ ஜிடிடிஆர்5ஆ என்ற மெமரி வகையும், 64 பிட்டா 128 பிட்டா என்ற பாதை அகலமும்தான் புரியும் முறுக்கும்.

2014ல் வந்த 'ஜிடி 730' இதற்கு நல்ல சாட்சி. ஒரே பெயரில் மூன்று சரக்கு. ஒன்று பழைய சிப்பும் 128 பிட் டிடிஆர்3யும். இரண்டாவது புது சிப்பும் 64 பிட் டிடிஆர்3யும். மூன்றாவது அதே புது சிப்புடன் ஜிடிடிஆர்5. 'ஜிடி 1030' அதை விட மோசம். 2017ல் வந்ததற்கு மெமரி வேகம் வினாடிக்கு 48 ஜிபி. 2018ல் அதே பெயரில் டிடிஆர்4 மெமரியோடு வந்ததற்கு 16.8 ஜிபி. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு! பெட்டி மேலே பெரிய எழுத்தில் இருந்தது ஒரே பெயர்.

இது பழைய கதை என்று நினைத்துவிடாதீர்கள். 2022ல் வந்த 'ஆர்டிஎக்ஸ் 3050'க்கு 8 ஜிபி, 128 பிட். 2024ல் அதே பெயரில் 6 ஜிபி, 96 பிட் ஒன்று வந்தது. குறைந்தது மெமரி மட்டும் இல்லை, உள்ளே இருக்கும் கோர்களும் 2560ல் இருந்து 2304 ஆகிவிட்டன. ஆனால் இதில் ஒரு நல்லதும் உண்டு. 70 வாட்தான் இழுக்கும் என்பதால் தனி பவர் வயர் இல்லாமலே வேலை செய்கிற கார்டுகள் அதில் கிடைக்கும்.

பத்தாயிரம் எங்கே போனது?

இனி காமர்ஸ் பக்கம் வருவோம் :-)

இந்தியா 1997ல் உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அதன்படி 2005 பட்ஜெட்டில் 217 பொருட்களுக்குச் சுங்க வரி பூஜ்யம் ஆனது. அந்த பட்ஜெட்டைப் போட்ட நிதியமைச்சர் ப.சிதம்பரம், எங்க சிவகங்கைத் தொகுதியின் அன்றைய எம்.பி. ஆக, இன்றைய விலைக்குச் சுங்க வரியைக் காரணம் சொல்ல முடியாது. 2017 ஜூலையில் இருந்து 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, அதுவும் முழுக் காரணம் இல்லை.

கீழே இருப்பது ஒரு சின்னக் கணக்கு. ஒவ்வொரு காலத்திலும் பேர் வாங்கிய மலிவு கார்டு, அதன் அறிமுக விலை, அன்றைய டாலர் மதிப்பில் தோராயமாக எத்தனை ரூபாய் என்று பாருங்கள். வரியும் கடைக்காரர் லாபமும் சேர்க்காதது.

- 2000, ஜிஃபோர்ஸ் 2 எம்எக்ஸ்: 119 டாலர், சுமார் 5,350 ரூபாய்
- 2014, ஜிடிஎக்ஸ் 750 டிஐ: 149 டாலர், சுமார் 9,200 ரூபாய்
- 2016, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ: 139 டாலர், சுமார் 9,300 ரூபாய்
- 2019, ஜிடிஎக்ஸ் 1650: 149 டாலர், சுமார் 10,350 ரூபாய்
- 2022, ஆர்டிஎக்ஸ் 3050: 249 டாலர், சுமார் 18,500 ரூபாய்
- 2025, ஆர்டிஎக்ஸ் 5050: 249 டாலர், சுமார் 21,400 ரூபாய்

2014 முதல் 2019 வரைதான் பத்தாயிரம் ரூபாய் கார்டின் பொற்காலம். 750 டிஐக்கு 60 வாட் போதும். பழைய எஸ்எம்பிஎஸ் உள்ள பெட்டியிலும் சொருகி உட்கார்ந்துவிடலாம். 2019க்கும் 2022க்கும் இடையில்தான் தாவல். டாலர் விலையே 100 ஏறியது, அதோடு ரூபாயும் இறங்கியது. இரண்டு அடி.

ஏன் இப்படி? மூன்று காரணங்கள் எனக்குத் தெரிகிறது.

ஒன்று, ஆன்போர்டு வளர்ந்துவிட்டது. 2011ல் இன்டெல் 'சாண்டி பிரிட்ஜ்' பிராசஸருக்குள்ளேயே கிராபிக்ஸைச் சேர்த்தது. அதே 2011 செப்டம்பரில் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. வருஷங்கள் போகப் போக 50 லட்சத்துக்கும் மேல் மாணவர்கள் கைக்குப் போன அந்த லேப்டாப்களில் தனிக் கார்டு கிடையாது. ஆனாலும் வைஸ் சிட்டி ஓடியது. நம்ம மாநிலத்தில் எத்தனையோ பேரின் முதல் கேமிங் கம்ப்யூட்டர் அரசு கொடுத்ததுதான்! 2018ல் ஏஎம்டி 'ரைசன் 3 2200ஜி' விட்டது. 99 டாலருக்குப் பிராசஸரும் அதற்குள்ளேயே ஓரளவு கேம் ஆடும் கிராபிக்ஸும். இதற்குப் பிறகு சின்ன கார்டை யார் வாங்குவார்கள்?

இரண்டு, கிரிப்டோ. 2017லும் பிறகு 2020, 2021லும் எதேரியம் நாணயம் 'தோண்டுவதற்கு' கார்டுகளை மூட்டை மூட்டையாக வாங்கினார்கள். 2022 செப்டம்பரில் எதேரியம் முறையை மாற்றியதும் அது அடங்கியது. ஆனால் ஏறின விலைக்கு வாங்க ஆள் இருக்கிறது என்பதைக் கம்பெனிகள் பார்த்துவிட்டன.

மூன்று, ஏஐ. 2022 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் என்விடியாவின் மொத்த வருவாய் 2,691 கோடி டாலர், அதில் கேமிங் 1,246 கோடி. பாதிக்குக் கொஞ்சம் குறைவு. 2025 ஜனவரியில் முடிந்த ஆண்டில் மொத்தம் 13,050 கோடி, கேமிங் 1,135 கோடி. ஒன்பது சதவீதம்கூட இல்லை. ஒரு கடையில் நூறு ரூபாய் வியாபாரத்தில் ஒன்பது ரூபாய்க்கும் குறைவாக வாங்கும் கூட்டத்தில், அதிலும் மலிவான சரக்கு கேட்பவர் நாம். நம்மை எந்த இடத்தில் நிற்க வைப்பார்கள் என்று நீங்களே சொல்லுங்கள். 2025 கடைசியில் ஏஐ சர்வர்களால் மெமரி விலையும் எகிறியது. அதுவும் நம்ம தலையில்தான்.

சரி, என்னதான் வாங்குவது?

வரலாறு சொல்லிக்கொடுப்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. எந்த கேம் ஆடப் போகிறீர்கள் என்று முதலில் எழுதுங்கள். பழைய ஜிடிஏ, வேலரன்ட், கிரிக்கெட் என்றால் சமீபத்திய ஆன்போர்டு போதும். ஒரே ராம் போட்டிருந்தால் இன்னொன்று சேர்த்து இரண்டாக்குங்கள். ஆன்போர்டுக்குத் தனி மெமரி இல்லை, ராமைத்தான் பயன்படுத்தும். அதனால் இரண்டு ராம் போட்டால் பாதை அகலமாகிறது. கார்டு விலையில் ஒரு பகுதியிலேயே வேலை முடியும்.

2. ஜிடி 710, ஜிடி 730 போன்றவற்றை கேமுக்கு என்று வாங்காதீர்கள். புது பிராசஸர்களின் ஆன்போர்டே பல சமயம் அதைத் தாண்டிவிடும்.

3. பெயரைப் பார்த்ததும் நிறுத்திவிடாமல் மெமரி வகை, பிட் அகலம், கோர் எண்ணிக்கை மூன்றையும் கேளுங்கள். கடைக்காரர் சொல்லவில்லை என்றால் பெட்டியில் இருக்கும் முழு மாடல் எண்ணைத் தட்டிப் பாருங்கள்.

4. எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட், கார்டுக்குத் தனி பவர் வயர் வேண்டுமா, கேஸில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். 2004 வாக்கில் பழைய ஏஜிபி ஸ்லாட் உள்ள போர்டுக்குப் புது பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு உட்காராமல் விழித்தவர்கள் உண்டு. இன்றைக்குக் கார்டு உட்காரும், ஆனால் பழைய போர்டில் முழு வேகம் வராத கார்டுகள் இருக்கின்றன. 2022ல் வந்த 'ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி'க்கு நாலு வழிப் பாதைதான் என்பதால் பழைய போர்டுகளில் நன்றாகவே வேகம் குறைந்தது.

5. பத்தாயிரம்தான் பட்ஜெட், தனிக் கார்டு வேண்டியே தீரும் என்றால் பெரும்பாலும் செகண்ட் ஹேண்ட்தான். அப்போது ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பழைய சிப்பில் 1050 டிஐ என்று பெயர் மாற்றி எழுதி விற்கும் போலிகள் சந்தையில் உண்டு. 'ஜிபியு-இசட்' என்ற இலவச மென்பொருள் 2018ல் இருந்து பல போலிகளைக் கண்டுபிடித்துச் சொல்கிறது. பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போங்கள்.

6. பில் இல்லாமல் விலை குறைப்பதாகச் சொன்னால் வேண்டாம். பில்தான் வாரன்டி. நாலு வருஷம் கார்டு உழைக்க வேண்டும் என்றால் அந்த 18 சதவீதம் வீண் செலவு இல்லை.

நம்மில் பலருக்கு இந்தக் காசு வீட்டில் கேட்டு வாங்கும் காசு, அல்லது பார்ட் டைம் வேலை பார்த்துச் சேர்த்த காசு. கம்பெனிகள் மேலே சொன்ன எண் விளையாட்டை விளையாடுவது இந்தக் காசோடுதான். அதனால் பத்தாயிரத்துக்குள் நல்ல புதுக் கார்டு என்று யாராவது காட்டினால் ஒரு நிமிஷம் நின்று, அதே பெயரில் வேறு எத்தனை சரக்கு இருக்கிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் காசை எடுங்கள்.