எரியோகிரேனியா: பிர்ச் இலைகுடையும் அந்துப்பூச்சியை அடையாளம் கண்ட வரலாறு

எரியோகிரேனியா என்பது பிர்ச் மர இலைகளைக் குடைந்து வாழும் மிகச்சிறிய அந்துப்பூச்சிகளின் பேரினம் ஆகும். சிறகு விரித்தால் ஏறக்குறைய 1 செ.மீ. அகலமே வரும். பிரித்தானியாவில் பிர்ச் மரத்தை உண்ணும் 6 இனங்கள் பட்டியலில் உள்ளன. அவற்றுள் முதலாவதற்கு 1791இல் பிரெஞ்சு இயற்கையாளர் லூயி போஸ்க் பெயரிட்டார். கடைசி இனத்துக்கு 1891இல்தான் பெயர் கிடைத்தது. ஒரே மரத்தின் இலையில் வாழும் ஆறு பூச்சிகளைப் பிரித்தறிய நூறு ஆண்டுகள் ஆயின.

பிர்ச் என்பது வடக்குக் குளிர்நாடுகளில் பரவலாக வளரும் வெண்பட்டை மரம். காஷ்மீரில் ஏடாகப் பயன்பட்ட பூர்ஜ மரமும் இதே பேரினத்தைச் சேர்ந்ததே.

வாழ்க்கை முறை

இவ்வந்துப்பூச்சிகள் வசந்த காலத் தொடக்கத்தில், மார்ச் இறுதி முதல் மே வரை, வெயில் நேரத்தில் பிர்ச் கிளைகளைச் சுற்றிப் பறக்கின்றன. சிறகில் ஊதாவும் பொன்னும் கலந்த உலோக மினுமினுப்பு இருக்கும். பெண்பூச்சி தன் கூரிய முட்டையிடும் உறுப்பால் விரியும் மொட்டைத் துளைத்து உள்ளே முட்டையைச் செருகுகிறது. வெளிவரும் காலற்ற புழு இலையின் மேல்தோலுக்கும் கீழ்தோலுக்கும் இடையிலுள்ள பசுந்திசுவைத் தின்றபடி நகர்கிறது. தின்ற இடம் வெளிறிய கொப்புளம்போல் தெரியும். இதையே இலைச் சுரங்கம் என்கின்றனர்.

புழுப் பருவம் மிகக் குறுகியது, சில வாரங்களே. முழு வளர்ச்சி அடைந்ததும் புழு இலையைக் கிழித்து வெளியேறி மண்ணில் விழுகிறது. அங்கே பட்டு நூலும் மண்துகளும் கலந்த கூட்டைக் கட்டி அடுத்த வசந்தம் வரை கிடக்கிறது. இதன் கூட்டுப்புழுவுக்குப் பெரிய தாடைகள் உண்டு. கூட்டை அறுத்துக்கொண்டு மேலே வர அவை உதவுகின்றன. பெரும்பாலான அந்துப்பூச்சிகளின் கூட்டுப்புழுக்களில் இத்தகைய தாடை கிடையாது. எரியோகிரேனியா மிகப் பழமையான அந்துப்பூச்சிக் குலங்களுள் ஒன்றைச் சேர்ந்தது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

பெயரிட்ட வரலாறு

இலைக்குள் வாழும் புழுக்களைப் பற்றி விரிவாக எழுதிய முன்னோடிகளுள் பிரான்சு நாட்டின் ரெயோமூர் முக்கியமானவர். பூச்சிகள் பற்றிய அவரது பெருநூலின் மூன்றாம் தொகுதி 1737இல் வெளிவந்தது. ஆனால் அவருக்குப் பின்வந்தவர்களுள் பலர் வளர்ந்த பூச்சியின் சிறகு நிறத்தைப் பார்த்தே பெயர் வைத்தனர். பெரிய பூச்சிகளுக்கு அந்த முறை ஓரளவு பொருந்தும். ஊசியில் குத்தி வைத்ததும் மினுமினுப்புத் தேய்ந்துபோகும் இத்தனை சிறிய உயிருக்கு அது போதாது.

இந்த நிலையை மாற்றியவர்களுள் இங்கிலாந்தின் ஹென்றி ஸ்டெயின்டனுக்குத் தனி இடம் உண்டு. ஜெர்மானியரான செல்லர் உள்ளிட்டோரின் துணையுடன் அவர் 1855 முதல் 1873 வரை 13 தொகுதிகளில் நுண் அந்துப்பூச்சிகளின் இயற்கை வரலாற்றை வெளியிட்டார். ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், இலத்தீன் ஆகிய நான்கு மொழிகளிலும் அதன் உரை அச்சாகியது. பூச்சியை மட்டும் அல்லாமல் அது தின்னும் செடி, புழுவின் உருவம், இலையில் அது விட்டுச்செல்லும் தடம் ஆகியவற்றையும் சேர்த்துக் காட்டியதே அந்நூலின் உண்மையான பங்களிப்பு. பிர்ச் இனங்களுள் சலோப்பியெல்லா என்பதற்கு 1854இல் பெயரிட்டவரும் இவரே. சலோப் என்பது ஷ்ராப்ஷயர் மாவட்டத்தின் மற்றொரு பெயர்.

இந்த வழியில் சென்று பயன் கண்டவர் ஹெரிஃபோர்ட்ஷயரின் டாரிங்டன் ஊர் மருத்துவர் ஜான் ஹென்றி வுட். 1835இல் ஸ்டீபன்ஸ் பெயரிட்ட செமிபர்ப்புரெல்லா என்ற இனத்தையும், அதை அச்சாக ஒத்த இன்னொரு பூச்சியையும் சிறகை வைத்துப் பிரிப்பது மிகக் கடினம். புழுக்களைப் பார்த்தாலோ ஐயமே எழாது. ஒன்று வெண்மை, மற்றது சாம்பல் நிறம். பிர்ச் இலையில் வாழும் மற்ற எரியோகிரேனியாப் புழுக்கள் எல்லாம் வெளிறியவை. சாம்பல் புழுவின் இனத்துக்கு வுட் 1891இல் டார்லிங்டன் நகரின் பூச்சி ஆர்வலர் ஜான் சாங் நினைவாக சாங்கியை என்று பெயரிட்டார்.

இதனால் ஒரு சிக்கலும் வெளிப்பட்டது. 1891க்கு முன் செமிபர்ப்புரெல்லா என்று எழுதப்பட்ட குறிப்புகளில் எது எந்த இனம் என்று இன்று சொல்ல முடியாது. புழுவைக் குறித்து வைக்காதவரின் பதிவு, எவ்வளவு நேர்மையானதாக இருந்தாலும், இரண்டில் ஒன்று என்ற அளவிலேயே நின்றுவிடுகிறது.

களத்தில் பிரித்தறிதல்

முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி, சுரங்கம் அந்துப்பூச்சியினுடையதா என்பது. ரம்பப்பூச்சிகள் எனப்படும் குளவிக் குல உறவினங்களும் பிர்ச் இலையில் இதேபோன்ற கொப்புளத்தை உண்டாக்குகின்றன. இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் விடை கிடைக்கும். எரியோகிரேனியாப் புழுவின் எச்சம் இடியாப்பம்போல் நீண்ட இழைகளாகச் சிக்கிக் கிடக்கும். ரம்பப்பூச்சியின் எச்சம் சிறு துகள்களாக இருக்கும். அதன் புழுவுக்குக் கால்களும் உண்டு.

அடுத்து இனம். ஒரே சுரங்கத்தில் பல புழுக்கள் இருந்தால் சிகாட்ரிசெல்லாவாக இருக்க வாய்ப்பு அதிகம். தலைக்குப் பின்னே இரு பழுப்புப் புள்ளிகள் இருந்தால் யூனிமாகுலெல்லா. மற்றவை முடிந்தபின் ஜூன், ஜூலையில் புழு தென்பட்டால் அது ஸ்பார்மனெல்லா. இவற்றுள் பல அடையாளங்கள் புழு இலைக்குள் இருக்கும்போது மட்டுமே காணக்கூடியவை. புழு விழுந்தபின் எஞ்சும் வெற்றுச் சுரங்கத்தைப் பெரும்பாலும் பேரினப் பெயரோடு மட்டுமே பதிய முடியும். புழுவைப் பிடித்து வளர்க்கலாம் என்றாலும் ஓராண்டுக் காலம் மண்ணில் காய்ந்துபோகாமலும் பூஞ்சை பிடிக்காமலும் காப்பது எளிதன்று.

பதிவு முறை

எங்கே கண்டது என்பதைச் சீராகக் குறிக்க ஒரு புவியியல் சட்டகம் தாவரவியலிலிருந்து வந்தது. ஹியூவெட் வாட்சன் 1852இல் பிரித்தானியாவை 112 பதிவு மாவட்டங்களாகப் பிரித்தார். நிர்வாக எல்லைகள் பலமுறை மாறியும் அந்தப் பிரிவு மாறாததால் பழைய, புதிய பதிவுகளை ஒப்பிட முடிகிறது. 1964இல் மாங்க்ஸ் வுட்டில் உயிரியல் பதிவு மையம் நிறுவப்பட்டது. அங்கு பணியாற்றிய ஜான் ஹீத் பதிப்பித்த பிரித்தானிய, அயர்லாந்து அந்துப்பூச்சிகள் நூல் வரிசையின் முதல் தொகுதி 1976இல் வெளிவந்தது.

இதற்கிடையே பெர்லினின் மார்ட்டின் ஹெரிங் 1957இல் ஐரோப்பிய இலைச் சுரங்கங்களுக்கான அடையாள அட்டவணைகளை வெளியிட்டார். அது பூச்சியின் குடும்பப்படி அமைந்ததன்று. தாவரத்தின் பெயர்ப்படி அமைந்தது. பிர்ச் இலையைக் கையில் வைத்திருப்பவர் பிர்ச் பகுதியைத் திறந்தால் போதும்.

கனடாவின் பால் ஹெபர்ட் 2003இல் முன்வைத்த மரபணுக் குறிமுறை இன்று புழுவிலிருந்தே இனத்தைக் கண்டறிய உதவுகிறது. ஆயினும் அந்த மரபணு வரிசைக்கு நேரே எழுதப்படும் பெயர், முன்னரே சரியாக அடையாளம் காணப்பட்ட ஒரு மாதிரியிலிருந்துதான் வருகிறது. எனவே ஆய்வகத்துக்கு அனுப்பப்படும் ஒரு மாதிரியுடன் நாள், இடம், மரம் ஆகியவற்றோடு புழுவின் நிறமும் எழுதப்பட்டிருக்க வேண்டும். சாராயத்தில் இட்டபின் அந்த நிறம் நிலைப்பதில்லை.