அம்மா கைக் கோலத்தில் ஒரு மூலை

தீபாவளிக்குக் கோயம்புத்தூர்ல இருந்து வந்த எம் மக, வீட்டுக்குள்ள நுழைஞ்சதுல இருந்து முழுக்கைச் சட்டையை மடிச்சு விடவே இல்ல. ஐப்பசிப் புழுக்கம் உங்களுக்கே தெரியும். மறுநாள் காலையில சாப்பிட உட்கார்ந்தப்போதான் கை வெளிய தெரிஞ்சுச்சு. இடது முன்கையில ஒரு கிளி. எங்க ஊர் ஆண்டாள் கையில தினமும் இலையும் மாதுளம்பூவும் வச்சுக் கட்டுவாங்களே, அந்தக் கிளி. குத்தி ஆறு நாள் ஆகியிருந்துச்சு. கிளி மேல தோல் காஞ்சு, பச்சையும் கறுப்புமா செதில் செதிலா எந்திரிச்சு நின்னுச்சு.

எனக்குக் கோவம் வரல. கிளி நல்லாத்தான் இருந்துச்சு. நான் யோசிச்சது வேற. மம்சாபுரம் ரோட்டுப் பக்கம் எங்க வயல்ல நடவு ஓடிக்கிட்டிருக்கு, பண்டிகை நேரம், ஆள் கிடைக்கல. "நாளைக்கு நீயும் ஒரு கை இறங்கு தாயி, நாத்து முத்திரும்"னு சொல்லிட்டேன்.

திண்ணையில இருந்த எங்க அம்மா சட்டுனு திரும்பிப் பாத்தாங்க. "அவ இறங்க வேணாம்"னாங்க. அவ்வளவுதான். அப்புறம் பேத்தி கையைப் பிடிச்சு, "தோலு உரியுது. அரிக்கும். பிய்ச்சிராத"ன்னு சொல்லிட்டுத் தன் கையை நீட்டிக் காட்டுனாங்க.

அம்மாவுக்கு 78 வயசு. வலது முன்கையில புள்ளி வச்சுக் கோடு இழுத்த ஒரு கோலம் பச்சையாக் கிடக்கும். நான் பிறந்ததுல இருந்து பாக்குறேன். அதுல கீழ் மூலை மட்டும் இருக்காது. அந்த இடத்துல தோல் வெளுத்து, வழுவழுன்னு இருக்கும். சின்ன வயசுல கேட்டா "அடுப்புல சுட்டுக்கிட்டேன்"னு சொல்லுவாங்க. அது பொய்னு இந்தத் தீபாவளிக்குத்தான் தெரிஞ்சுச்சு. அதைச் சொல்றதுக்கு முன்னாடி, அந்தக் கோலத்தைக் குத்துனவங்களைப் பத்திச் சொல்லணும்.

டாட்டூன்னு நீங்க கடையில போய்க் காசு கொடுத்துக் குத்திக்கிறதை, நம்ம ஊர்கள்ல தெருத் தெருவா வந்து குத்துனவங்க குறவர் சமூகப் பெண்கள். ஊசி மணி, பாசி மணி விக்கிற நரிக்குறவர்களை நினைச்சுக்காதீங்க, அவங்க வேற சமூகம், பேசுற மொழியே வேற. இவங்க கூடை முடையுறது, குறி சொல்றது, பச்சை குத்துறதுன்னு ஊர் ஊரா நடந்தவங்க. அதுக்கும் முன்னாடி இந்தச் சமூகத்துல நிறையப் பேர் கழுதை, மாடு மேல உப்பும் தானியமும் ஏத்திக் கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் வியாபாரம் பண்ணவங்க. ரயில் வந்து, வெள்ளைக்காரன் உப்பைத் தன் கைக்குள்ள கொண்டு போனதும் அந்தப் பிழைப்பு படுத்துருச்சு.

சென்னை அருங்காட்சியகத்துக்குத் தலைமையா இருந்த எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியோட சேர்ந்து 1909-ல தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பத்தி ஏழு தொகுதி வெளியிட்டார். அந்தக் காலத்து அதிகாரிகளோட பார்வை அதுல நிறையவே இருக்கு. ஆனா பச்சை குத்துற விதத்தை நுணுக்கமாப் பதிவு பண்ணியிருக்கார். மஞ்சத்தூளையும் அகத்தி இலையையும் சேர்த்து அரைச்சு, மெல்லிசான துணியில வச்சுத் திரியா முறுக்குவாங்க. ஆமணக்கெண்ணெய் விளக்குல அந்தத் திரியை எரிச்சு, மேல புதுச் சட்டியைக் கவுத்துவாங்க. சட்டிக்குள்ள படியுற கரியைச் சுரண்டித் தண்ணியிலயோ தாய்ப்பால்லயோ குழைச்சா அதுதான் மை. கைக்கு மூணு நாலு தையல் ஊசி, புஜத்துக்கு ஆறு ஊசி சேர்த்துக் கட்டிக் குத்துவாங்க. கூலி ஒரு புள்ளிக்குக் காலணாவுல இருந்து பெரிய வேலைப்பாட்டுக்குப் பன்னிரண்டு அணா வரைக்கும். கிராமங்கள்ல காசுக்குப் பதிலா அரிசி, வாழைப்பழம், வெத்தல பாக்கு.

குத்தி முடிச்ச பிறகு என்ன செஞ்சாங்கன்னும் அதுல இருக்கு. தண்ணியால கழுவி, வலி அடங்க நல்லெண்ணெய் தடவி, வீங்காம இருக்க மஞ்சத்தூள் தேய்ச்சு விட்டிருக்காங்க. குத்துறதோட வேலை முடியல, ஆத்துறதும் அந்தத் தொழில்ல சேர்த்திதான்னு இதுல தெரியுது.

கரியால குத்துனது எப்படிப் பச்சை ஆச்சுன்னு எம் மக கேட்டா. நம்ம தோல் ரெண்டு அடுக்கு. மேல் தோல் ஏறக்குறைய மாசத்துக்கு ஒருக்கா புதுசாகிக்கிட்டே இருக்கும். மை தங்குறது அதுக்குக் கீழ இருக்குற உள் தோல்ல. அங்க இருக்குற கரியை மேல் தோல் வழியாப் பாக்குறப்போ, வெளிச்சம் சிதறி நீலப் பச்சையாக் கண்ணுக்குத் தெரியும். அதனாலதான் நம்ம ஆளுங்க கரியைக் குத்திட்டுப் பச்சைன்னு பேர் வச்சாங்க.

இப்போ தோல் உரியுற விஷயம். ஊசி ஆயிரக்கணக்கான ஓட்டை போட்ட மேல் தோலை உடம்பு கழட்டிப் போட்டுட்டுப் புதுசு போடுது. குத்தி நாலஞ்சு நாள்ல ஆரம்பிச்சு ரெண்டு வாரம் வரைக்கும் இது நடக்கும். உதிர்ற செதில்ல மை ஒட்டியிருக்குறதைப் பாத்துப் படம் அழியுதுன்னு பயப்படுவாங்க. அது மேல் தோல்ல சிக்கின மைதான். கீழ இருக்குற மையை நம்ம உடம்போட காவல் செல்கள் விழுங்கி வச்சிருக்கும். அந்தச் செல் சாகுறப்போ மை வெளிய வரும், பக்கத்துல வர்ற புது செல் அதை விழுங்கிக்கும். பிரான்சுல மார்செய் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2018-ல எலிகளை வச்சு இதைக் காட்டுனாங்க. அறுபது வருஷத்துக்கு மேல ஆகியும் எங்க அம்மா கைக் கோலம் நிக்குறதுக்குக் காரணம், இப்படிக் கை மாத்தி மாத்திப் பிடிச்சு வச்சிருக்குறதுதான்.

ஆனா செதில் தானா விழுறதுக்கு முன்னாடி பிய்ச்சாலோ, புண்ணு சீழ் பிடிச்சாலோ கதை மாறிரும். காயம் உள் தோலுக்குப் போகும், அங்க இருக்குற மையும் போகும், தழும்பு நிக்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரங்களுக்கு இன்னொரு முத்திரையும் தெரியும். வைணவத்துல சமாசிரயணம்னு, ஹோமத்துல காய்ச்சின சக்கரத்தை வலது தோள்லயும் சங்கை இடது தோள்லயும் ஒத்தி எடுப்பாங்க. எங்க ஊர்ப் பெரியாழ்வாரே திருப்பல்லாண்டுல சக்கரப் பொறி ஒத்திக்கிட்டதைப் பாடியிருக்கார். அதுல மை கிடையாது, சூடு பட்டு உரிஞ்சு ஆறுற வடுதான் அடையாளம். பச்சை குத்துறது அதுக்கு நேர் எதிர். இங்க வடு விழுந்தா அடையாளம் போச்சு.

அம்மாவுக்கு அப்படித்தான் போச்சு. அவங்க கணக்குப்படி 1960 வாக்குல, பதிமூணு வயசு. புரட்டாசி முடியுற நேரம் தெருவுக்கு வந்த குறத்தியம்மா, ரெண்டு படி அரிசிக்கு அந்தக் கோலத்தைக் குத்தியிருக்காங்க. எண்ணெயும் மஞ்சளும் வச்சுட்டு, எங்க அம்மாச்சிகிட்ட ஒரு சொல்லும் சொல்லிட்டுப் போயிருக்காங்க: "ஏழு நாளைக்குப் புள்ளைய சேத்துல இறக்காத தாயி."

மூணாம் நாள் மழை வந்துருச்சு. கண்மாய்த் தண்ணி திறந்தாச்சு, நாத்து இருபத்தஞ்சு நாளைத் தாண்டியாச்சு, ஆள் பத்தல. தாத்தா கூப்பிட்டார், அம்மா இறங்குனாங்க. மூணு நாள் முழங்கை வரைக்கும் சேறு. மாட்டுச் சாணமும் ஆட்டாம்புழுக்கையும் மிதிச்சுக் கலக்குன சேறு அது. அஞ்சாம் நாள் கை வீங்கி, காய்ச்சல் வந்து, கீழ் மூலை சீழ் வச்சுருச்சு. தாத்தாவோட பழைய வேட்டியைக் கிழிச்சுக் கட்டுனாங்களாம். ஆற ஒண்ணரை மாசம்.

தை பிறந்ததும் அந்தக் குறத்தியம்மா திரும்பி வந்திருக்காங்க. கையைப் பாத்துட்டு, காசு வேணாம், மூலையைத் திருப்பிக் குத்தித் தர்றேன்னு உட்கார்ந்திருக்காங்க. அம்மாச்சி வாசல்லயே நிறுத்தி, "உன் ஊசி விஷம்டி, என் புள்ள கையைக் கெடுத்துட்ட"ன்னு தெருவே கூடுற மாதிரிக் கத்தியிருக்காங்க. அதுக்கப்புறம் எங்க தெருவுல யாரும் அவங்களை உட்கார வைக்கல. அவங்களும் வரல.

"ஊசி மேல தப்பு இல்லப்பா, சேறு. எனக்கு அப்பவே தெரியும்"னு சொன்னாங்க அம்மா. "சொன்னா எங்க அய்யாவைக் குத்தம் சொன்ன மாதிரி ஆகும்னு பேசாம நின்னேன்."

தெரு ஏன் உடனே நம்புச்சுன்னு யோசிச்சுப் பாத்தேன். 1871-ல வடக்க போட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-ல புதுச் சட்டமாகிச் சென்னை மாகாணத்துக்கும் வந்துச்சு. பல ஊர்கள்ல குறவர்களை அந்தச் சட்டத்துக்குள்ள கொண்டு வந்தாங்க. பேர் பதிவு, கைரேகை, போலீஸ்கிட்ட ஆஜர், ஊர் விட்டு ஊர் போகக் கட்டுப்பாடு. ஊர் ஊரா நடந்தே பிழைச்ச ஜனத்துக்கு நடக்குறதே குத்தமாயிருச்சு. சென்னை மாகாணத்துல அந்தச் சட்டம் 1947-ல போச்சு, நாடு முழுக்க 1952-ல போச்சு. எங்க அம்மாச்சி கத்துனப்போ சட்டம் செத்துப் பதிமூணு வருஷம். சந்தேகம் மட்டும் அப்படியே இருந்துருக்கு. வீட்டு ஆம்பளை மேல போக வேண்டிய பழியை, வாசல்ல நிக்குற நாதியத்த பொம்பளை மேல போடுறது சுலபமா இருந்துருக்கு.

நானும் அன்னைக்குக் காலையில எங்க தாத்தா சொன்னதையேதான் சொல்லியிருக்கேன். நாத்து முத்திரும், இறங்கு.

புதுசாப் பச்சை குத்திக்கிற பட்டணத்துப் பிள்ளைகளுக்கு நான் சொல்றது இதுதான். முதல்ல ஊசி. உங்க கண்ணு முன்னாடி உறையைப் பிரிச்ச புது ஊசியா, உங்களுக்குன்னு தனியா ஊத்துன மையான்னு பாருங்க. ஆடிப்பூரத் தேர்க் கூட்டத்துல பேட்டரி மெஷின் வச்சு ஒரே ஊசியில வரிசையாக் குத்துறதை நான் சின்ன வயசுல பாத்துருக்கேன். மஞ்சள் காமாலைக் கிருமியும் எச்.ஐ.வி.யும் அந்த வழியாப் பரவும். குத்துன பிறகு, வாசனை இல்லாத சோப்புப் போட்டுச் சுத்தமான தண்ணியில மெதுவாக் கழுவி, தேய்க்காம ஒத்தி எடுங்க. வாசனை இல்லாத கிரீமை மெல்லிசாப் பூசுனாப் போதும், அப்பிடாதீங்க. அரிச்சா உள்ளங்கையால லேசாத் தட்டுங்க, நகம் படக் கூடாது. கிணறு, கண்மாய், நீச்சல் குளம், உச்சி வெயில் எல்லாம் தோல் முழுசா மூடுற வரைக்கும் வேணாம். கடை மஞ்சத்தூளைத் திறந்த புண்ணுல வைக்காதீங்க, அன்னைக்கு இருந்ததுல அது நல்ல வைத்தியம், இன்னைக்கு அதைவிடச் சுத்தமானது இருக்கு. உரிஞ்ச பிறகு கொஞ்ச நாள் படம் பால் படர்ந்த மாதிரி மங்கலாத் தெரியும், மாசக் கடைசியில தெளிஞ்சுரும். சிவப்பு பரவுனாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடிச்சாலோ டாக்டர்கிட்டப் போயிருங்க.

வெளிய போறப்போ கிளியை மூட, மெடிக்கல்ல இருந்து பேண்டேஜ் துணி வாங்கிட்டு வந்தேன். ராஜபாளையத்துக்குக் கிழக்க இருக்குற சத்திரப்பட்டியில இன்னைக்குத் தெருத் தெருவா விசைத்தறியில நெய்யுறது இந்தத் துணியைத்தான். ஆஸ்பத்திரிகளுக்கு ஊர் ஊரா, நாடு நாடாப் போகுது. அம்மா அதை விரல்ல தேய்ச்சுப் பாத்துட்டு, "பூ மாதிரி இருக்கு"ன்னாங்க.

மக வயல்ல இறங்கல, வரப்புல நின்னு நாத்து முடி எண்ணிக் கொடுத்தா. ஒரு நாள்ல முடிய வேண்டிய நடவு மறுநாள் மத்தியானம் வரைக்கும் இழுத்துச்சு, ரெண்டு ஆள் கூலி கூட ஆச்சு. இதை எழுதுறப்போ நட்டு இருபது நாள் ஆச்சு. கிளி சுத்தமா ஆறிருச்சுன்னு போட்டோ அனுப்பியிருக்கா. நாத்தும் முத்திப் போகல, பச்சைப் பிடிச்சு நல்லாத்தான் நிக்குது.