ஜோன் கெடி, சார்லட் கெடி இணையர்

ஜோன் கெடி (ஏப்ரல் 10, 1815 - டிசம்பர் 14, 1872), சார்லட் கெடி (இறப்பு: 1916) ஆகியோர் தென் பசிபிக்கில் உள்ள அனெய்ட்டியம் தீவில் பணியாற்றிய கனடிய பிரெஸ்பிட்டீரியன் மறைபரப்புநர் இணையர் ஆவர். 1848 முதல் 1872 வரை இவர்கள் அத்தீவில் வேதாகம வகுப்புகளையும் பள்ளிகளையும் நடத்தினர். எழுத்து வடிவம் இல்லாதிருந்த அனெய்ட்டிய மொழிக்கு எழுத்துமுறை அமைத்து, அதில் நூல்களை அச்சிட்டனர். பிரித்தானியக் குடியேற்றநாடு ஒன்றின் திருச்சபை தன் பொறுப்பில் வெளிநாட்டுக்கு அனுப்பிய முதல் மறைபரப்புநர்களுள் இவர்கள் அடங்குவர். ஒரு தலைமுறைக்குள் தீவு முழுவதும் படிக்கக் கற்றது. அதே காலத்தில் வெளியிலிருந்து வந்த நோய்களால் தீவின் மக்கள்தொகை பாதிக்கும் கீழே குறைந்தது. இவ்விரண்டும் இணைந்ததே இவர்களது பணியின் வரலாறு.

தீவு

அனெய்ட்டியம், முன்னர் நியூ ஹெப்ரிடீஸ் எனப்பட்ட வனுவாட்டுவில் மக்கள் வாழும் தீவுகளுள் தெற்கே கடைசியாக உள்ளது. பரப்பளவு ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர். உயரம் 852 மீட்டர். எரிமலையால் உருவான இத்தீவில் மக்கள் ஓடைநீரை வாய்க்கால்களின் வழியே திருப்பிச் சேம்பு பயிரிட்டனர். தீவு பல தலைமைப் பகுதிகளாகப் பிரிந்திருந்தது. கணவன் இறந்தால் மனைவியைக் கழுத்தை நெரித்துக் கொல்லும் வழக்கம் அங்கே இருந்தது.

1841 இல் இலண்டன் மிசனரி சங்கம் சமோவா தீவைச் சேர்ந்த ஆசிரியர்களை இங்கே கொண்டுவந்து விட்டது. 1844 இல் ஜேம்ஸ் பாடன் என்னும் வணிகர் தீவை ஒட்டியுள்ள இன்யெயுக் என்ற சிறு திட்டில் சந்தனமர வணிக நிலையம் ஒன்றை நிறுவினார். எனவே கெடி இணையர் வருமுன்பே தீவு மக்கள் வெளியாரைப் பற்றித் தமக்கென ஒரு கருத்தைக் கொண்டிருந்தனர். 1839 இல் அருகிலுள்ள எர்ரமாங்கோ தீவில் ஜோன் வில்லியம்ஸ் என்னும் மறைபரப்புநர் கொல்லப்பட்டிருந்தார்.

தொடக்க வாழ்க்கை

ஜோன் கெடி ஸ்கொட்லாந்தின் பான்ஃப் நகரில் ஒரு கடிகாரத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். குழந்தையாக இருந்தபோதே குடும்பம் நோவா ஸ்கோசியாவின் பிக்டூ நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே இறையியல் பயின்று, 1838 இல் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். 1839 இல் அண்டிகோனிஷ் நகர மருத்துவர் ஒருவரின் மகளான சார்லட் மக்டொனால்டைத் திருமணம் செய்தார்.

சொந்த நாட்டிலேயே குருக்கள் போதாத ஒரு சிறிய திருச்சபை வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புவதா என்ற எதிர்ப்பு எழுந்தது. ஆயினும் கெடியின் இடைவிடாத முயற்சியால் அது இசைந்தது. புறப்படுமுன் அவர் அச்சுத் தொழிலையும் வீடு கட்டத் தேவையான கைத்தொழில்களையும் கற்றுக்கொண்டார். 1846 நவம்பர் 30 அன்று ஹாலிஃபாக்சிலிருந்து புறப்பட்ட குடும்பம், ஹொனொலுலு வழியாக 1847 அக்டோபரில் சமோவாவை அடைந்தது. அங்கே இலண்டன் சங்கத்தாருடன் சில மாதங்கள் தங்கியபின், 1848 சூலையில் அனெய்ட்டியத்தின் தென்கரையில் உள்ள அனெல்காவ்ஹட் விரிகுடாவில் இறங்கினர். உடன் வந்த இரு குடும்பங்களும் ஓரிரு ஆண்டுகளில் தீவை விட்டுச் சென்றன. 1852 இல் ஸ்கொட்லாந்தின் சீர்திருத்த பிரெஸ்பிட்டீரியன் திருச்சபையைச் சேர்ந்த ஜோன் இங்கிலிசும் அவர் மனைவி ஜெஸ்சியும் வந்து வடகரையில் உள்ள அனாமே என்னும் இடத்தில் குடியேறும் வரை கெடி இணையர் பெரும்பாலும் தனித்தே பணியாற்றினர்.

வேதாகம வகுப்புகள்

தொடக்கத்தில் வகுப்புக்கு வந்தோர் மிகச் சிலரே. சந்தன வணிகர்களின் எதிர்ப்பும், தலைவர்கள் சிலரின் எதிர்ப்பும் இருந்தன. கெடியின் வீட்டுக்குத் தீ வைக்கவும் முயற்சி நடந்தது. கடலோடு தொடர்புடைய சடங்குகளில் செல்வாக்குப் பெற்றிருந்த வைஹிட் என்பவர் முதலில் மதம் மாறியோருள் ஒருவர். தலைவரான நொஹோவட் மனம் மாறியது அனெல்காவ்ஹட் பகுதியில் திருப்பமாக அமைந்தது. 1852 மே மாதத்தில் தீவின் முதல் திருச்சபை சிறு குழுவாக அமைக்கப்பட்டது. கைம்பெண்களைக் கொல்லும் வழக்கம் அந்தப் பத்தாண்டுக்குள் நின்றது.

வகுப்புகள் தீவாரின் அன்றாட வாழ்க்கைக்கு ஏற்ப அமைந்தன. தோட்டங்களுக்குச் செல்லுமுன் விடியற்காலையில் பள்ளி கூடியது. பெரியவர்களும் சிறுவர்களும் ஒரே பாடத்தைப் படித்தனர். முதலில் எழுத்துகள், அடுத்துச் சிறு பாடப்புத்தகம், பின்னர் வினாவிடை நூல், அதன்பின் நற்செய்தி நூல்கள் என்பது வரிசை. படிப்பதும் சமயம் கற்பதும் அங்கே ஒன்றாகவே இருந்தன. கற்பதற்கு வேறு நூல் எதுவும் அம்மொழியில் இல்லை.

சார்லட் கெடி பெண்களுக்கான வகுப்புகளை ஏற்றுக்கொண்டார். சிறுமியர் பலர் அவரது வீட்டிலேயே தங்கிப் படித்தனர். அவர்களுக்குப் படிப்பும் தையலும் கற்பிக்கப்பட்டன. அவ்வாறு பயின்ற பெண்கள் பின்னர் ஆசிரியர்களின் மனைவியராகிச் சிற்றூர்களில் தாமே வகுப்பு நடத்தினர். கணவனும் மனைவியும் சேர்ந்து ஓர் ஊர்ப் பள்ளியைப் பொறுப்பேற்கும் இந்த முறையால், 1850களின் இறுதியில் தீவின் இரு பகுதிகளிலுமாக ஐம்பதுக்கும் மேற்பட்ட சிறு பள்ளிகள் இயங்கின. சார்லட் தாயகத்துக்கு எழுதிய கடிதங்கள் 1908 இல் நூலாக வெளிவந்தன. மறைபரப்பு இல்லத்தில் பெண்களின் அன்றாட உழைப்பை அறிய அவை முதன்மைச் சான்றாக உள்ளன.

மொழியும் மொழிபெயர்ப்பும்

அனெய்ட்டிய மொழி ஆஸ்திரோனீசிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. இதில் வினைச்சொல் வாக்கியத்தின் முதலிலும் எழுவாய் இறுதியிலும் வருகின்றன. இடப்பெயர்களில் ஒருமை, இருமை, மும்மை, பன்மை என்ற வேறுபாடு உண்டு. தமிழில் "நாம்", "நாங்கள்" என இருப்பது போலக் கேட்போரை உள்ளடக்கும் வடிவமும் உள்ளடக்காத வடிவமும் தனித்தனியே உள்ளன. ஆகையால் ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக நிற்கும் இடங்களில், பேசுவோர் எத்தனை பேர், கேட்போரும் அதில் சேர்வரா என்பதை மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு முறையும் முடிவு செய்யவேண்டி இருந்தது. தீவாரின் உதவியின்றி இது இயலாது.

கெடி தாம் கொண்டுவந்த அச்சுப்பொறியில் முதற் பாடநூல்களை அச்சிட்டார். மாற்கு நற்செய்தி 1853 இல் சிட்னியில் அச்சானது. புதிய ஏற்பாட்டை அச்சிடுவதற்காக இங்கிலிஸ் இணையர் இலண்டன் சென்றபோது, வில்லியமு என்னும் அனெய்ட்டியர் மொழித் துணையாக உடன் சென்றார். அனெய்ட்டிய மொழியில் புதிய ஏற்பாடு 1863 இல் பிரித்தானிய வெளிநாட்டு வேதாகமச் சங்கத்தால் வெளியிடப்பட்டது. பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பில் கெடி, இங்கிலிஸ், ஜோசப் கோப்லண்ட் ஆகிய மூவரும் பங்குகொண்டனர். 1879 இல் முழு வேதாகமமும் நிறைவுற்றது.

கூவை மாவு

வேதாகமத்தின் அச்சுச் செலவைத் தீவு மக்களே ஏற்றனர். அவர்களிடம் நாணயம் இல்லை. ஆதலால் கூவைக் கிழங்கைத் தோண்டி, துருவி, பலமுறை நீரில் கழுவி வடிகட்டி, மாவை வெயிலில் உலர்த்தினர். இவ்வேலையில் பெண்களின் பங்கு பெரிது. மாவு கப்பல்களில் அனுப்பப்பட்டு, ஆத்திரேலியா, ஸ்கொட்லாந்து முதலிய இடங்களில் திருச்சபையினரால் விற்கப்பட்டது. ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளில் இவ்வாறு சேர்ந்த தொகை சுமார் 1,200 பவுண் ஆகும்.

தீவு ஆசிரியர்கள்

அனெய்ட்டியத்தில் பயின்றோர் 1850களிலேயே அண்டைத் தீவுகளான ஃபுதுனா, தன்னா ஆகியவற்றுக்கு ஆசிரியர்களாகச் சென்றனர். வைஹிட் ஃபுதுனா சென்றார். தன்னாவில் 1858 முதல் 1862 வரை இருந்த ஜோன் பேட்டன் என்னும் மறைபரப்புநருக்குத் துணையாக நின்ற ஆபிரகாம் ஓர் அனெய்ட்டியர். இவ்வாசிரியர்களுக்கு அத்தீவுகளின் மொழி அயல்மொழியே. காய்ச்சலாலும் பகையாலும் பலர் அங்கேயே இறந்தனர். ஐரோப்பியரின் நூல்களில் இவர்களுட் பெரும்பாலானோரின் பெயர்கள் ஓரிரு வரிகளோடு நின்றுவிடுகின்றன.

கொள்ளைநோய்கள்

1850களின் இறுதியில் தீவின் மக்கள்தொகை சுமார் 3,500 ஆக இருந்தது. 1861 இல் வணிகக் கப்பல்கள் வழியாகத் தட்டம்மை பரவியது. முன்னர் அந்நோயைக் கண்டிராத மக்களிடம் எதிர்ப்பாற்றல் இல்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் இறந்தனர். வீடு முழுவதும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டதால் உணவும் நீரும் கொடுக்க ஆளின்றியும் பலர் இறந்தனர். அடுத்த சில ஆண்டுகளில் தொண்டை அடைப்பானும் கக்குவானும் தொடர்ந்தன.

இதே தட்டம்மை அண்டைத் தீவுகளில் மறைபரப்புநர்களுக்கு எதிராகத் திரும்பியது. எர்ரமாங்கோவில் ஜோர்ஜ் கோர்டனும் அவர் மனைவியும் நோயைக் கொண்டுவந்தனர் என்று குற்றஞ்சாட்டப்பட்டு 1861 மே மாதத்தில் கொல்லப்பட்டனர். அனெய்ட்டியத்தில் அத்தகைய எழுச்சி நிகழவில்லை. ஆனால் ஆசிரியர்களிலும் மாணவர்களிலும் பலரை இழந்த பள்ளிகளைப் புதிதாக அமைக்கவேண்டி நேர்ந்தது. முழு வேதாகமம் வெளியானபோது தீவின் மக்கள்தொகை 1848 இல் இருந்ததில் பாதிக்கும் குறைவு.

இறுதிக் காலம்

கெடி 1864 முதல் 1866 வரை விடுமுறையில் நோவா ஸ்கோசியாவில் இருந்தார். அவர் இல்லாதபோது, 1865 இல், மறைபரப்புநர்களின் முறையீட்டை ஏற்றுப் பிரித்தானியப் போர்க்கப்பலான குராசோவா தன்னா தீவின் மீது குண்டு வீசியது. கெடி இதனைக் கண்டித்தார். குவீன்ஸ்லாந்துக் கரும்புத் தோட்டங்களுக்குத் தீவாரைத் திரட்டிச்சென்ற ஆட்கடத்தல் வணிகத்தையும் எதிர்த்தார். இவர்களது மகள்களுள் இருவர் நியூ ஹெப்ரிடீசில் பணியாற்றிய மறைபரப்புநர்களை மணந்தனர்.

1872 இல் பக்கவாதத்தால் தாக்குண்ட கெடி, ஆத்திரேலியாவின் ஜீலோங் நகரில் அவ்வாண்டு டிசம்பர் 14 அன்று காலமானார். அவர் வந்தபோது தீவில் கிறித்தவர் எவரும் இல்லை, நீங்கியபோது கிறித்தவர் அல்லாதார் எவரும் இல்லை என்னும் பொருள்பட ஒரு நினைவுப் பலகை அனெல்காவ்ஹட் ஆலயத்தில் வைக்கப்பட்டது. கல்லால் கட்டப்பட்ட அவ்வாலயம் 1875 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையில் சிதைந்தது. சார்லட் கணவருக்குப் பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 1916 இல் மெல்பேர்ண் நகரில் இறந்தார்.

மதிப்பீடு

மறைபரப்பு வரலாறுகள் இவர்களை வெற்றிக்கு எடுத்துக்காட்டாகக் கூறுகின்றன. பிற்கால ஆய்வாளர்கள் இரு கேள்விகளை எழுப்பியுள்ளனர். முதலாவது, மதமாற்றத்தில் தலைவர்களின் பங்கு. புதிய சமயம் தம் அதிகாரத்தை விரிவாக்க உதவியதால் தலைவர்கள் அதை ஆதரித்தனர் என்றும், மக்கள் வெறுமனே ஏற்போராக இருக்கவில்லை என்றும் இவர்கள் கருதுகின்றனர். இரண்டாவது, பழைய சடங்குகளும் நடனங்களும் கைவிடப்பட்டதால் ஏற்பட்ட பண்பாட்டு இழப்பு. மக்கள்தொகை வீழ்ச்சியை ஆராய்ந்த நோர்மா மக்ஆர்தர், மத்தியூ ஸ்பிரிக்ஸ் ஆகியோர் மறைபரப்புநர்கள் எடுத்த கணக்குகளையே பெரிதும் பயன்படுத்தினர் என்பது குறிப்பிடத்தக்கது.

மொழியின் நிலை

20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தீவின் மக்கள்தொகை சில நூறாகச் சுருங்கியது. பின்னர் அது மெல்ல உயர்ந்து, 2009 கணக்கெடுப்பில் சுமார் 900 ஆக இருந்தது. அனெய்ட்டிய மொழி அழியவில்லை. இங்கிலிசின் அகராதி 1882 இல் வெளிவந்தது. மொழியியலாளர் ஜோன் லிஞ்ச் அனெஜொம் என்ற பெயரில் இம்மொழிக்கு 2000 ஆம் ஆண்டில் இலக்கணமும், தீவைச் சேர்ந்த பிலிப் தெபாஹயுடன் இணைந்து 2001 இல் அகராதியும் வெளியிட்டார். வனுவாட்டுவில் மிகப்பெரிய கிறித்தவப் பிரிவு பிரெஸ்பிட்டீரியன் திருச்சபையே ஆகும்.

இவற்றையும் பார்க்க

வனுவாட்டு
எர்ரமாங்கோ
தன்னா
ஆஸ்திரோனீசிய மொழிகள்