ஒப்புநோக்கலும் பொதுமையும்

பிரதிகளை ஒப்புநோக்கும் தொழில் தமிழுலகுக்குப் புதிதன்று. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887ஆம் ஆண்டிற் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, ஏட்டுப் பிரதிகளை அருகருகே வைத்துத் தக்க பாடங்களைத் தெரிந்தெடுத்தார். ஆங்கு வேறுபாடு பெரும்பாலும் ஏடெழுதினோர் பிழை. தேடப்பட்ட மூலம் ஒன்றே. மூலமென்று ஒன்றில்லாதவிடத்து ஒப்புநோக்கலாற் பயன் யாது? கணினியின் வரலாறு இவ்வினாவுக்கு விடை தருகின்றது.

கணினிக்குரிய கட்டளைகளை எழுதுவோர் நிரலாளர் எனப்படுவர். அவர் எழுதுவதற்கும் திருத்துவதற்கும் கொள்ளும் கருவி உரைத்தொகுப்பி. அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தில் 1962ஆம் ஆண்டளவில் டான் மேர்பி என்பவர் டெக்கோ என்னும் தொகுப்பியை ஆக்கினார். 1970களில் அதே கழகத்து ரிச்சர்ட் ஸ்டால்மன், பல கட்டளைகளை ஒன்றாய்க் கோத்து ஒரு விசையில் அமைக்கும் வசதியை அதற்கு அளித்தார்.

விளைவு வியப்பானது. ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி விசைகளை அமைத்துக்கொண்டனர். ஒருவருக்கு வரியை அழிக்கும் விசை, மற்றொருவருக்கு வேறொன்றைச் செய்தது. கணினியோ பொதுவுடைமை. ஒருவரது இருக்கையில் மற்றவர் அமர்ந்து உதவி செய்தல் அரிதாயிற்று. சுதந்திரம் பெருகியது, பொதுமொழி அழிந்தது.

1976ஆம் ஆண்டில் கை ஸ்டீல் என்பவர் இச்சிக்கலைத் தீர்க்க முற்பட்டார். பலருடைய கட்டளைத் தொகுதிகளையும் ஆராய்ந்து, அவற்றைப் பயன்படுத்துவோரிடம் கேட்டறிந்து, ஒரு பொதுமுறை வகுக்கலானார். அப்பணியை ஸ்டால்மன் நிறைவேற்றினார். அதுவே ஈமாக்ஸ் என்னும் தொகுப்பி. அதனைப் பெறுவோர் தாம் செய்யும் திருத்தங்களைத் திருப்பித் தரவேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை.

பொதுமுறை வந்ததனால் தனிவிருப்பு ஒழியவில்லை. தொகுப்பி தொடங்குங்கால் உரியவரின் அமைவுக் கோப்பொன்றைப் படித்து, அதன்படி நடக்கும். 1985இல் வெளிவந்த குனூ ஈமாக்ஸிலும், 1991இல் பிராம் மூலனார் வெளியிட்ட விம் என்னும் தொகுப்பியிலும் அவ்வழக்கு நிலைபெற்றது. அடிப்படை எல்லோர்க்கும் ஒன்று. அதன்மேற் கட்டுவது அவரவர்க்கு உரியது.

இத்தகைய கோப்புகளை நிரலாளர் தம்முள் ஒப்புநோக்குதல் ஒரு கல்விமுறையாகவே வளர்ந்தது. 1974ஆம் ஆண்டின் யுனிக்ஸ் ஐந்தாம் பதிப்போடு வந்த டிஃப் என்னும் செயலி, இரு கோப்புகளில் வேறுபடும் வரிகளை மட்டும் பிரித்துக் காட்டும். வேறுபாட்டைக் கண்டவர் கேட்கவேண்டிய வினா, எது சரி என்பதன்று. இவ்வரி எந்தத் தேவையிலிருந்து பிறந்தது என்பதே. விளங்கிய வரியை எடுத்துக்கொள்பவர் ஒரு முறையைக் கற்கின்றார். முழுக்கோப்பையும் விளங்காது பெயர்த்தெழுதுபவரோ, அது பழுதுபட்டவிடத்துத் திருத்த வழியறியார்.

தமிழருக்கும் இவ்வரலாறு அயலன்று. தமிழ் எழுத்தைக் கணினியில் இடுதற்குப் பல விசையமைப்புகள் தோன்றின. தமிழ்நாட்டரசு 1999இல் தமிழ் 99 என்னும் அமைப்பை ஏற்றது. இலங்கையில் 2008ஆம் ஆண்டின் கட்டளை ரெங்கநாதன் அமைப்பைத் தழுவியது. பாமினி எழுத்துருவிற் பழகிய கைகளும் பல. மதவாச்சியிலிருந்து மன்னாருக்குச் செல்லும் வழியிலுள்ள செட்டிகுளம் போன்ற ஊர்களில், ஒரு கணினியைப் பல மாணவர் பகிருமிடத்து, முன்னவர் மாற்றிவைத்த விசையமைப்பு பின்னவரைத் திகைக்கச் செய்தல் இயல்பே. 1976இல் ஸ்டீல் கண்ட இடரும் இதுவே.

அதற்கு மருந்தும் அன்று கண்டதே. பொதுவானதைப் பொதுவாகக் காத்தல். தனக்குரியதைத் தன் கோப்பிலே தனியே வைத்தல். பிறர் கோப்பை நோக்குமிடத்துப் பழிப்பதும் பெயர்த்தெழுதுவதும் தவிர்த்துக் காரணம் வினாவுதல். ஏட்டை ஒப்புநோக்கியவர் நமக்கு நூலை மீட்டுத் தந்தார். கோப்பை ஒப்புநோக்குபவர் தம் அயலவரது சிந்தனையை அறிகின்றார்.