ஏரிக்கரை நடை

போன வாரம் பழைய நண்பர் ஒருவர் போனில் கேட்டார்: "முட்டி வலி உள்ளவங்க சிரமப்படாம நடக்கிற மாதிரி, மரமும் தண்ணியுமா இருக்கிற பாதை நம்ம பக்கத்துல ஏதாவது இருக்கா?" அவருடைய மகன் வெளிநாட்டில் இருக்கிறார். அங்கே ஏரியைச் சுற்றிக் காட்டுக்குள் நடைபாதை போட்டு, வழிகாட்டிப் பலகை வைத்து, உட்கார பெஞ்சும் போட்டிருக்கிறார்களாம். நம்மிடம் அப்படி ஒன்றும் இல்லையே என்று அவருக்குக் குறை.

இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு மேலாக இருக்கிறது. நாம் அதை நடைபாதை என்று சொல்வதில்லை, கரை என்கிறோம்.

செங்கல்பட்டும் காஞ்சிபுரமும் ஒரே மாவட்டமாக இருந்த காலத்திலேயே இதை ஏரி மாவட்டம் என்றுதான் சொல்வார்கள். நம் நிலம் சமதளம் போலத் தெரிந்தாலும் உண்மையில் அலை அலையாக ஏறி இறங்கும். அந்தச் சரிவின் குறுக்கே வில்போல ஒரு மண்கரை போட்டால் மேல்பக்கம் தண்ணீர் நிற்கும், கீழ்ப்பக்கம் வயல் விளையும். ஒரு ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் அந்தத் தண்ணீர் அடுத்த ஏரிக்குப் போகும். அதனால் நம் ஊர்களில் கரைமேல் நடப்பவனுக்கு ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் பச்சை வயல், தலைக்கு மேலே பனை. ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. கரையின் தலை ஒரே மட்டமாக இல்லாவிட்டால் தாழ்ந்த இடத்தில் தண்ணீர் வழிந்து உடைத்துக்கொண்டு போய்விடும் அல்லவா? நம் முட்டிக்கு இன்று சௌகரியமாக இருக்கும் அந்த மட்டம் நீருக்காகப் பார்த்துப் பார்த்து வைத்த மட்டம்.

உத்திரமேரூர் பெரிய ஏரியையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்வெட்டுகளில் இதன் பெயர் வைரமேக தடாகம். வைரமேகன் என்பது பல்லவ மன்னன் தந்திவர்மனின் பட்டப்பெயர். ஆக, எட்டாம் நூற்றாண்டின் கடைசியிலோ ஒன்பதாம் நூற்றாண்டிலோ அந்தப் பெயர் வந்திருக்க வேண்டும். செய்யாற்றிலிருந்து வரும் கால்வாய்தான் இதற்கு உயிர்.

வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள குடவோலைக் கல்வெட்டுகள் பற்றி எல்லோருக்கும் தெரியும். முதலாம் பராந்தகன் காலத்தவை, கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. பள்ளிக்கூடப் பாடத்தில் படித்திருக்கிறோம், தேர்தல் சமயத்தில் பத்திரிகைகளில் படம் போடுவார்கள். ஜனநாயகம், ஜனநாயகம் என்று பேசுவதோடு விட்டுவிடுகிறார்கள். எதற்காக ஆள் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

முப்பது குடும்புகள், அதாவது இன்றைய வார்டுகள் மாதிரி. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். அப்படி வந்தவர்களில் பன்னிரண்டு பேர் சம்வத்சர வாரியம், பன்னிரண்டு பேர் தோட்ட வாரியம், ஆறு பேர் ஏரி வாரியம். பதவிக் காலம் 360 நாள். வயது 35க்கு மேல், 70க்குள். சொந்த மனையில் வீடும் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும் வேண்டும், வேதப் படிப்பும் வேண்டும். அது பிராமணர் சபை. ஊரில் எல்லோருக்கும் அதில் இடம் இருந்ததாக நினைத்துக்கொள்ளக் கூடாது. மண் சுமந்தவர்கள் பெயர் குடத்துக்குள் போகவில்லை. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆனாலும் இரண்டு விதிகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியம் தீராது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் திரும்ப நிற்க முடியாது. அவன் மட்டுமா? அவனுடைய மகன், மருமகன், மாமனார், மச்சினன், தாய்மாமன் மகன், அத்தை மகன் என்று ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு வேண்டிய உறவு முழுவதையும் தள்ளி வைத்திருக்கிறார்கள். இன்னொன்று, மேலான சம்வத்சர வாரியத்துக்கு, ஏற்கெனவே தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் பார்த்தவர்களையே எடுக்க வேண்டும். முதலில் ஏரியைப் பார்த்துக் காட்டு, பிறகு ஊரைப் பார்க்கலாம் என்ற கணக்கு.

அந்த ஆறு பேர் என்ன வேலை செய்திருப்பார்கள்? முக்கியமான வேலை வண்டல் எடுப்பது. ஏரிக்குள் ஆண்டுதோறும் மண் வந்து சேரும். அதைத் தோண்டிக் கரையில் கொட்ட வேண்டும். தோண்டினால் ஏரி ஆழமாகும், கொட்டினால் கரை உயரும், ஒரே கூலியில் இரண்டு வேலை. இந்தச் செலவுக்கென்றே விடப்பட்ட நிலத்துக்குப் பல்லவர் காலத்திலிருந்தே ஏரிப்பட்டி என்று பெயர். ஆகவே நாம் இன்று கரைமேல் நடக்கும்போது காலடியில் இருப்பது ஏரியின் அடி மண்தான், கூடை கூடையாகத் தலைமேல் ஏறி வந்தது.

இன்னொரு வேலை, நடப்பது. இது கல்வெட்டில் இல்லை, என் பெரியப்பாவைப் பார்த்துச் சொல்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் விடிவதற்கு முன் கையில் தடியோடு கரைக்குப் போய்விடுவார். கரையின் மேலே தலை நிமிர்ந்து நடக்க மாட்டார், வெளிச்சரிவைப் பார்த்தபடியே போவார். நண்டு வளை, எலி வளை எங்காவது தெரிந்தால் தடியால் குத்திப் பார்ப்பார். கசியும் தண்ணீர் தெளிவாக இருந்தால் பயமில்லை, கலங்கலாக வந்தால் உள்ளே மண் கரைகிறது, உடனே ஆள் கூப்பிடு என்பார். மதகு திறந்து மூடவும் இரவில் காவல் கிடக்கவும் நீர்க்கட்டி இருந்தார். அவருக்கு அறுவடையில் நெல் அளப்பார்கள். எந்தப் பாம்பு எந்தப் புற்றில் இருக்கிறது என்பதுகூட அவருக்குத் தெரியும். அன்றைக்கு நடைப்பயிற்சி என்றால் இதுதான்.

மதுராந்தகத்து ஏரி காத்த ராமர் கதையையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். 1790களில் கம்பெனி ஜாகீரின் கலெக்டராக இருந்தவர் லியோனல் பிளேஸ். அடிக்கடி கரை உடைகிறது. தாயார் சந்நிதி கட்டப் பணம் கேட்டவர்களிடம், உங்கள் ராமர் இந்த மழையில் ஏரியைக் காப்பாற்றட்டும், நானே கட்டித் தருகிறேன் என்றாராம். அடைமழை இரவில் கரைக்குப் போய்ப் பார்த்தால், வில்லும் அம்புமாக இரண்டு பேர் நின்று காவல் காப்பது தெரிந்ததாம். சந்நிதியில் பிளேஸ் துரையின் தர்மம் என்ற கல்வெட்டு இன்றும் இருக்கிறது. நம்புகிறவர்கள் நம்பட்டும். எனக்குப் பிடித்தது, கதையிலும்கூட அந்த வெள்ளைக்காரர் மழையில் நனைந்து கரைக்குப் போக வேண்டியிருந்தது என்பதுதான்.

அதே பிளேஸ் துரை காலத்தில்தான் வேடந்தாங்கல் ஊரார், சிப்பாய்கள் பறவைகளைச் சுடுகிறார்கள் என்று முறையிட்டுப் பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள். வேடர் ஊர் என்பதால் அந்தப் பெயர் என்பார்கள். தாங்கல் என்றால் நம் பக்கம் சிறிய ஏரி என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று ஊராருக்குத் தெரிந்திருந்தது, அதனால் தீபாவளிக்குக்கூட வெடி வைப்பதில்லை. அரசு அதைச் சரணாலயமாக்கியது 1936இல்.

பிற்காலத்தில் கரையின் பொறுப்பு கைமாறியது. குடிமராமத்து குறைந்துபோக, 1858இல் உடைப்பு நேரத்தில் ஊராரை வேலைக்கு இழுக்கச் சட்டமே போட்டார்கள். தானாக வந்தவர்களைச் சட்டம் போட்டு அழைக்க வேண்டியிருந்தது. 1980களில் சமூகக் காடுகள் திட்டம் வந்து ஏரி உட்புறத்தில் கருவேலங்காடு பெருகியது. விறகு கிடைத்தது, பறவைக்கு இடமும் கிடைத்தது. வெட்டிய பின் வேர் கிடக்கும் இடத்தில் வண்டல் சேர்கிறதே என்று விவசாயிகளுக்கு வருத்தம். இரண்டுமே உண்மை. போர்வெல் வந்தபிறகு ஏரித்தண்ணீரை நம்பாதவர்கள் கரைப்பக்கம் வருவதை விட்டார்கள். ஆள் நடக்காத கரையில் முதலில் சீமைக்கருவேல் வரும், பிறகு குப்பை வரும், அப்புறம் யாராவது வேலி போடுவார்கள்.

நண்பருக்கு நான் சொன்ன வழி இது. உத்திரமேரூரில் இறங்கி வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, அப்படியே பெரிய ஏரிக்கரைக்குப் போங்கள். இன்னொரு நாள் வேடந்தாங்கல். ஏரி சுமார் 30 ஹெக்டேர்தான், தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், நீர்க்காகம் எல்லாம் கூடு கட்டியிருக்கும். கூட்டம் பிடிக்காதவர்கள் பக்கத்திலுள்ள கரிக்கிலிக்குப் போகலாம். இரண்டுக்கும் 2022இல் ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. கார்த்திகையிலிருந்து மாசி வரை நல்ல காலம், காலை ஆறரைக்குள் போய்விடுங்கள். பெரிய ஏரிக்குப் போகிறவர்கள் ஒரு தடி எடுத்துப் போங்கள், ஊன்றிக்கொள்ளவும் ஆகும், வளை தெரிந்தால் குத்திப் பார்க்கவும் ஆகும்.